சீரியலில் பாப்பாவை நடிக்க வைக்கிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குழந்தைகளை டிவி சீரியலில் சேர்த்துவிடும் ஏஜென்சி ஒன்றிடம், இங்கே கடலூரிலேயே, 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன்.

ராத்திரி சீரியலை அத்தையும் நானும் ஒரு நாள் விடமாட்டோம். கதாநாயகி நிறைமாதம். வில்லிக்கும் அதே ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று காட்டியதுமே, "பாரேன், குழந்தைய மாத்தப் போறாங்க" என்றார் அத்தை. அந்த வாரமே போனில் ஒரு விளம்பரம்: பிரபல சீரியலுக்குக் கைக்குழந்தைகள் தேவை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை. சுவரெல்லாம் நடிகர்களோடு எடுத்த படங்கள். அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிடாதீங்கக்கா, ஆஸ்பத்திரியில குழந்தை மாறுற ட்ராக் வருது. அதான் ரெண்டு பாப்பா வேணும்" என்றார். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் நம்பியது அந்த நொடியில்தான். நாங்கள் சோபாவில் உட்கார்ந்து ஊகித்ததையே இவர் உள்ரகசியமாகச் சொல்கிறார்! ப்ரோமோ பார்க்கிற எவருக்கும் தோன்றுகிற கதைதானே என்று அப்போது உறைக்கவில்லை.

பதிவுக்கு 3,500. போட்டோ ஆல்பத்துக்கு 6,000. ஆர்ட்டிஸ்ட் கார்டுக்கு 9,000. புழுங்குகிற அறையில் இரண்டு பெரிய விளக்கைப் போட்டு ஒன்றரை மணி நேரம் படம் எடுத்தார்கள். பாப்பாவின் கண்ணில் நீர் வழிந்து மை கன்னம் வரை இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் பால் குடிக்கவில்லை. அதை நினைத்தால்தான் பணத்தைவிட வயிறு எரிகிறது.

அப்புறம் தினம் ஒரு பதில். டைரக்டர் வெளியூர் போயிருக்கிறார். கால்ஷீட் மாறிவிட்டது. கடைசியில், "கதையில அஞ்சு வருஷம் தள்ளிட்டாங்கக்கா, கைக்குழந்தை சீனே கிடையாது. இன்னும் நாலாயிரம் கட்டினா விளம்பரப் படத்துக்கு மாத்திடலாம்."

நேற்று ராத்திரி அந்தப் பிரசவ எபிசோடு வந்தது. இப்போதுதான் பிறந்தது என்று துணியில் சுற்றிக் காட்டினார்கள். தலை நன்றாக நின்ற, நாலு மாதமாவது ஆன குழந்தை! தூரத்து ஷாட்டில் அசைவே இல்லை, பொம்மையாகத்தான் இருக்க வேண்டும். உடனே போன் செய்தேன், எடுக்கவில்லை. காலையில் போனால் அறை பூட்டிக் கிடக்கிறது. 18,500 ரூபாய், என் வளைகாப்புக்கு வந்த பணம்.

வடபழனியில் ஷூட்டிங் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவரிடம் இன்றுதான் கேட்டேன். சீரியல்காரர்கள்தான் குழந்தைக்குப் பணம் தர வேண்டுமாம். 2017-இல் வந்த விதிப்படி, குழந்தையை நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும், நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கியில் போட வேண்டும். இதில் ஒன்றையாவது நான் கேட்டிருந்தால் அந்த ஆள் அங்கேயே முழித்திருப்பான்.

பதிவுக் கட்டணம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கலெக்டர் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தை படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஜிபேயில் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் தாமதித்துவிட்டேன்.

பாப்பாவின் நாற்பது படங்கள் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவற்றை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக் காலை என் வீட்டுக்காரரும் நானும் எஸ்பி ஆபீசுக்குப் போகிறோம்.