ரெண்டு வருஷ கேமிங் பிசி: கார்டு தங்கம், எஸ்எம்பிஎஸ் தான் உயிர வாங்கிடுச்சு

மூணு வாரம் முன்னாடி எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டிய மாத்தினேன், அதுக்கப்புறம் ஒரு தடவ கூட பிசி தானா ஆஃப் ஆகல. சந்தோஷமா இருக்கணும், ஆனா கோவம் தான் வருது. பத்து மாசம், முழுசா பத்து மாசம் தப்பான இடத்துல தேடிட்டு இருந்திருக்கேன். நேத்து ஒரு ஃப்ரெண்ட் "மச்சான், முதல் தடவ கேமிங் பிசி எடுக்கறேன், கையில காசு கம்மி, இந்த லிஸ்ட் ஓகேவா பாரு"ன்னு அனுப்பினான். ப்ராசசர் பேர் இருக்கு, கிராபிக்ஸ் கார்டு பேர் இருக்கு, ரேம் எத்தன ஜிபின்னு இருக்கு, கடைசி வரில மட்டும் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்"ன்னு போட்டிருக்கு. கம்பெனி பேரும் இல்ல, வாட்ஸும் இல்ல. என் பில்லுலயும் அச்சு அசலா இதே வரி தான் இருந்துச்சு, அத பாத்ததும் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

என்கிட்ட இருக்கறது ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கி ரெண்டு வருஷம் ஆகப்போகுது.

கார்ட பத்தி முதல்ல சொல்லிடறேன், அதுக்கு நான் நியாயம் பண்ணியே ஆகணும், ஏன்னா பாவம் பத்து மாசமா அத தான் திட்டிட்டு இருந்தேன். 1080பி மானிட்டர் வெச்சிருக்கறவனுக்கு இது தங்கம். 8 ஜிபி மெமரி இருக்கறதால டெக்ஸ்சர ஹைல வெச்சு ஆடினாலும் பெருசா மூச்சு வாங்கல, அந்த நேரத்துல நான் எடுக்க நெனச்ச 4 ஜிபி கார்டு எல்லாம் இப்ப வர்ற கேம்ல திணறுது. முக்கியமா இதுக்கு கீழ உள்ள 6500 எக்ஸ்டி கார்ட எடுக்காம விட்டதுக்கு இன்னிக்கும் நிம்மதி. அது போர்டுல கார்டு மாட்டற பிசிஐஇ ஸ்லாட்டோட வெறும் 4 லேன்ல, அதாவது டேட்டா போற நாலு பாதைல தான் பேசும், வேகம் கம்மியான பழைய பிசிஐஇ 3.0 போர்டுல போட்டா இன்னும் அடி வாங்கும், வீடியோ ரெக்கார்ட் பண்ற என்கோடரும் அதுல கிடையாது. 6600க்கு அந்த கஷ்டம் எதுவும் இல்ல. லைட்டான ஷூட்டர் கேம்ல செகண்டுக்கு 144 ஃப்ரேம் சும்மா வரும், பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம்ல மீடியம், ஹை கலந்து வெச்சா 60க்கு கீழ போறது அபூர்வம்.

ரேம் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. முதல் நாலு மாசம் 8 ஜிபி ஒத்த ஸ்டிக்ல ஓட்டினேன், ஃப்ரேம் கவுண்ட்டர் 90ன்னு காட்டும், ஆனா திரும்பும்போது திக் திக்னு இழுக்கும். அப்புறம் இன்னொரு 8 வாங்கி ரெண்டாவது நாலாவது ஸ்லாட்ல போட்டு, பயாஸ்ல (போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) போய் ரேம அதோட முழு வேகத்துல ஓட விடற எக்ஸ்எம்பிய ஆன் பண்ணினேன். அது வரைக்கும் 3200ன்னு காசு குடுத்து வாங்கின ரேம் 2133ல ஓடிட்டு இருந்திருக்கு! 3200ல ஒத்த ஸ்டிக்குனா செகண்டுக்கு 25.6 ஜிகாபைட், ஜோடியா போட்டா 51.2. அந்த இழுவை அன்னிக்கே போயிடுச்சு.

சரி, எஸ்எம்பிஎஸ்க்கு வர்றேன்.

வாங்கி ஒரு வருஷம் ஒழுங்கா தான் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் ஆடிட்டு இருக்கும்போது டக்குனு ஸ்கிரீன் கருப்பு, ஃபேன் நின்னுடுச்சு, ரெண்டு செகண்ட்ல தானா மறுபடி ஆன் ஆகுது. ப்ளூ ஸ்கிரீன் இல்ல, எரர் மெசேஜ் இல்ல, விண்டோஸ்ல நடந்தத எல்லாம் குறிச்சு வெக்கற ஈவன்ட் வியூவர்ல போய் பாத்தா கெர்னல் பவர் 41ன்னு ஒரு வரி. ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம மெஷின் நின்னுச்சுன்னு மட்டும் தான் அது சொல்லும், ஏன் நின்னுச்சுன்னு சொல்லாது. கார்டு டிரைவர அழிச்சு புதுசா போட்டேன், விண்டோஸ ரெண்டு தடவ போட்டேன், ரேம கழட்டி ரப்பர் வெச்சு தொடச்சேன், ப்ராசசருக்கு சூடு கடத்தற பேஸ்ட் மாத்தினேன். வாரத்துக்கு ஒரு தடவன்னு இருந்தது தினம் ஒரு தடவன்னு ஆயிடுச்சு.

குழப்பினது எதுன்னா, டெஸ்ட் போட்டா எல்லாம் பாஸ் ஆகும். ஃபர்மார்க்ல கார்ட மட்டும் அரை மணி நேரம் வறுத்தேன், ஒண்ணும் ஆகல. சினிபெஞ்ச்ல ப்ராசசர மட்டும் ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. லைட்டான கேம் மணிக்கணக்கா ஓடும். பெரிய கேம்ல நிறைய ஆளு நிறைய வெடின்னு வர்ற சீன்ல மட்டும் போயிடும். ஃப்ரேம 60ல லாக் பண்ணினா போகாது. இப்ப யோசிச்சா அங்கயே விடை இருந்திருக்கு, கார்டும் ப்ராசசரும் ஒரே நேரத்துல கரண்ட் இழுக்கும்போது தான் சாகுது. அப்ப எனக்கு அது தோணல.

அதவிட மனசுக்கு கஷ்டமான விஷயம் ஒண்ணு. என் தம்பி சின்னப் பையன், லீவு நாள்ல அவன் தான் ஆடுவான். ஒரு நாள் ஓடி வந்து "அண்ணா நான் எதையும் தொடல, தானா ஆஃப் ஆயிடுச்சு"ன்னு சொன்னான், நான் நம்பாம வயர காலால இழுத்திருப்பன்னு திட்டிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவன் அந்த சேர் பக்கமே வரல. எஸ்எம்பிஎஸ் போனதுக்கு கூட நான் இவ்வளவு வருத்தப்படல, இதுக்கு பட்டேன்.

கடைசில ஒரு சர்வீஸ் பண்றவர்கிட்ட தூக்கிட்டு போனேன். அவர் எந்த சாஃப்ட்வேரையும் தொறக்கல. பின்னாடி நாலு ஸ்க்ரூ கழட்டி எஸ்எம்பிஎஸ வெளிய எடுத்து என் கையில குடுத்து "வெயிட்ட பாருங்க தம்பி"ன்னாரு. காலி டப்பா மாதிரி இருந்துச்சு. அப்புறம் திருப்பி சைடுல இருக்கற ஸ்டிக்கர காட்டினாரு, கேபினெட்டுக்குள்ள செவுத்த பாத்த மாதிரி இருந்ததால ரெண்டு வருஷமா நான் பாக்காத ஸ்டிக்கர். பெருசா 450 வாட்ஸ்னு இருக்கு. கீழ சின்ன எழுத்துல ஒரு டேபிள், அதுல 12 வோல்ட் கட்டத்துல 18 ஆம்பியர்னு இருக்கு. 12 பெருக்கல் 18, 216 வாட். அவ்வளவு தான். மிச்சம் எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட்ல காட்டி கூட்டின கணக்கு, இன்னிக்கு ப்ராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுசா 12 வோல்ட்ல தான் சாப்பிடுது, அந்த மத்த லைன்ல எவ்வளவு இருந்து என்ன பிரயோஜனம்.

அங்கயே நின்னு கணக்கு போட்டேன். ஆர்எக்ஸ் 6600க்கு ஏஎம்டி சொல்றது 132 வாட். 5600 பேருக்கு 65 வாட் ப்ராசசர், ஆனா ஃபுல் லோடுல 76 வரைக்கும் போக அனுமதி உண்டு. கூட்டினா 208. மிச்சம் இருக்கற 8 வாட்ல ஃபேன், போர்டு எல்லாம் ஓடணும், இதுல கார்டு ஒவ்வொரு கணமும் 132லயே நிக்காது, மில்லி செகண்ட் கணக்குல எகிறி எகிறி இறங்கும். முதல் ஒரு வருஷம் தாங்கினதே ஆச்சரியம்.

இன்னொன்னு பாத்து தான் வயிறு கலங்கிடுச்சு. கார்டுக்கு 8 பின் பவர் வேணும், இந்த எஸ்எம்பிஎஸ்ல அந்த வயரே கிடையாது, அதனால ரெண்டு மோலக்ஸ்ல (பழைய மாடல் நாலு பின் பவர் வயர்) இருந்து 8 பின்னா மாத்தற அடாப்டர் போட்டு விட்டிருக்காங்க. அந்த வெள்ளை பிளாஸ்டிக்ல மஞ்ச வயர் போற ஓட்டைய சுத்தி மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பு, நகத்தால தட்டினா பொடியா உதிருது. 8 பின்னுக்கு கணக்கு 150 வாட் வரைக்கும், அந்த வேலைய இந்த மெல்லிசு வயர் செஞ்சுட்டு இருந்திருக்கு. வீட்ல தம்பி தனியா உக்காந்து ஆடின நாள் எல்லாம் ஞாபகம் வந்துச்சு.

அசெம்பிள் பண்ணி குடுத்தவர் மேல முழு பழியும் போட மாட்டேன், நான் தான் கார்ட மட்டும் குறைக்காதீங்கன்னு அடம் பிடிச்சேன், பட்ஜெட்ட தாண்டக் கூடாதுன்னும் சொன்னேன், மனுஷன் எங்கயாவது குறைச்சு தானே ஆகணும். ரேம் ஸ்லாட் சந்தேகம் கேட்டப்ப கூட பொறுமையா தான் சொல்லிக் குடுத்தாரு. ஆனா "450 வாட்ஸ் போதுமா"ன்னு நான் கேட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு, "தாராளமா போதும்"ன்னாரு. ஸ்டிக்கர ஒரு தடவ திருப்பி பாத்திருந்தா அந்த வார்த்த வாயில வந்திருக்காது. அத மன்னிக்க முடியல.

புதுசு 550 வாட், 12 வோல்ட்ல 45 ஆம்பியர், அதாவது 540 வாட் அங்கயே இருக்கு, 8 பின் வயர் நேரா அதுல இருந்தே வருது. 80 ப்ளஸ் பிரான்ஸ் போட்டிருக்கு, ஆனா அந்த முத்திரைய மட்டும் நம்பி வாங்காதீங்க, அது உள்ள போற கரண்ட்ல எவ்வளவு வீணாகாம வெளிய வருதுன்னு தான் சொல்லும், தரத்துக்கோ பாதுகாப்புக்கோ குடுத்த சர்டிஃபிகேட் இல்ல. 12 வோல்ட் ஆம்பியர பாருங்க, எத்தன வருஷம் வாரண்டி குடுக்கறான்னு பாருங்க, கையில தூக்கி பாருங்க. மாத்தினதுக்கப்புறம் அதே சீன், அதே வெடி, லாக் எதுவும் இல்லாம மூணு மணி நேரம் ஓட்டினேன். அசையல.

இப்ப ஃப்ரெண்டுக்கு என்ன சொன்னேன்னா, முதல் நாளே கார்டு வாங்காதன்னேன். மேல கார்ட அவ்வளவு புகழ்ந்துட்டு இப்படி சொல்றது எனக்கே முரணா தான் இருக்கு, ஆனா இப்ப என் மனசுல அது தான் ஓடுது. 5600ல உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கார்ட கழட்டிட்டு டெஸ்ட் பண்ணலாம்னா டிஸ்ப்ளேவே வராது, பத்து மாசம் எது தப்புன்னு பிரிச்சு பாக்க முடியாம நான் தவிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். 5600ஜின்னு இன்னொரு ப்ராசசர் இருக்கு, அதுல கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, ரெண்டு ஸ்டிக் ரேம் ஜோடியா போட்டா லைட்டான கேம் எல்லாம் செட்டிங்க குறைச்சு ஆடலாம். ஆமா, ப்ராசசருக்குள்ள இருக்கற கேஷ் மெமரி 32க்கு பதிலா 16 எம்பி தான், பிசிஐஇயும் 3.0 தான், பின்னாடி கார்டு போட்டா 5600 அளவுக்கு வராது. பரவால்ல. நல்ல எஸ்எம்பிஎஸ், காத்து நல்லா போற கேபினெட், ஜோடி ரேம் இத முதல்ல வாங்கு, ஆறு மாசம் சேத்து வெச்சு கார்டு போடு. "அப்ப உன் பிசிக்கு பத்துக்கு எவ்வளவு குடுப்ப"ன்னு கேட்டான். இப்போதைக்கு ஆறு. ஒரு வருஷம் கழிச்சு கேட்டா ஒன்பது சொல்வேனோ என்னவோ, இந்த வாரம் ஆறுக்கு மேல கை போகல.

அவன் இன்னும் கார்டு ஆசைய விடல, பேசிட்டு தான் இருக்கான். ஆனா சாயங்காலம் கடையில இருந்து ஒரு போட்டோ அனுப்பினான், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர், 12 வோல்ட் கட்டத்த விரல வெச்சு காட்டி எடுத்திருக்கான். 37 ஆம்பியர். 444 வாட். எடுத்துக்கோன்னு அனுப்பிட்டேன்.