மின்கம்பம் இல்லாத வீட்டில் சூடும் குளிரும் தரும் ஏசி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தேன்கனிக்கோட்டைப் பக்கம், காப்புக்காட்டை ஒட்டியிருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின் இணைப்பு கிடையாது. அருகிலுள்ள மின்கம்பம் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. நடுவில் இருப்பது வனத்துறை நிலம். அம்மா இங்கேயே நிரந்தரமாகத் தங்குவது என்று முடிவானபோது விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதுமான சிறிய சோலார் அமைப்பு மட்டுமே இருந்தது. சித்திரையில் இங்கே பகல் வெப்பம் 36 டிகிரியைத் தொடும். மார்கழியில் விடியற்காலை 12 டிகிரி வரை இறங்கும். மூட்டுவலியோடு வாழும் 74 வயதுப் பெண்மணிக்கு வெயிலைவிட அந்த விடியற்காலைதான் கொடுமையானது. அதனால் குளிர்விக்கவும் சூடேற்றவும் தெரிந்த 'ஹாட் அண்ட் கோல்ட்' வகை 1 டன் இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை) ஒன்றை வாங்கி, 14 மாதங்களாக, இரண்டு மார்கழிகளும் ஒரு கோடையும் கண்டு, முழுக்கச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டி வருகிறோம். நான் எடை போடுவது இந்த அமைப்பை. இதே அளவுள்ள கருவிகளைப் பல நிறுவனங்கள் விற்பதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

முதலில் அமைப்பு. 540 வாட் பேனல்கள் ஆறு, ஒரே தொடராக இணைத்து, தெற்கு நோக்கி ஏறத்தாழ 13 டிகிரி சாய்வில் மொட்டைமாடியில் நிற்கின்றன. பேனல், பேட்டரி மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றி, மின்வாரிய லைன் இல்லாமலே இயங்கும் 5 கிலோவாட் ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டர் ஒன்று, 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 5.12 யூனிட், ஐந்தில் ஒரு பங்கை இருப்பில் விட்டுவைப்பதால் கைக்கு வருவது 4 யூனிட்தான். ஏசி 132 சதுர அடி படுக்கையறையில் இருக்கிறது.

1 டன் என்பது அறையிலிருந்து மணிக்கு மூன்றரை யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்றும் திறன்; முழு வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 1 கிலோவாட் மின்சாரம் தேவைப்படும். பழைய ஒரே வேக கம்ப்ரசர், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தைத் தொடங்கும் நொடியில் இழுக்கும். மின்வாரிய லைனில் விளக்கு ஒருமுறை மங்கி எழுவதோடு அது முடிந்துவிடும். தனித்து நிற்கும் சோலார் இன்வெர்ட்டரோ அந்த நொடியில் தன்னைக் காத்துக்கொள்ள நின்றே விடக்கூடும். இன்வெர்ட்டர் ஏசி மெல்லத் தொடங்கி மெல்ல வேகம் கூட்டுவதால் எங்கள் வீட்டில் ஏசியால் ஒருமுறைகூட மின்சாரம் நின்றதில்லை. சுமை கூடி நின்றது, கிணற்று மோட்டாரையும் ஏசியையும் சேர்ந்தாற்போல் ஓட்டிய ஒரு நண்பகலில் மட்டும்தான். மோட்டாரின் தொடக்க இழுப்பே அதற்குக் காரணம். இப்போது மோட்டார் காலை 9 மணிக்கு ஓடி முடிந்துவிடுகிறது.

கோடைப் பகலில் இந்த ஏற்பாடு தரும் நிறைவைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெயில் கடுமையாகும் நேரமும் பேனல் அதிகம் தரும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஏசி தொடங்கிய முதல் அரைமணி நேரம் 950 வாட் வரை இழுக்கிறது. 26 டிகிரியில் வைத்தால் பிறகு 350, 400 வாட்டில் நிதானமாக ஓடுகிறது. காலை 11 முதல் மாலை 5 வரை சராசரியாக 3 யூனிட் ஆகிறது. அந்த 3 யூனிட்டும் எங்களுக்கு இலவசம் என்றே சொல்வேன், ஏனென்றால் பகல் 12 மணிக்கெல்லாம் பேட்டரி நிரம்பிவிட்ட பிறகு பேனல் தரக்கூடிய மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் வேறு எதுவும் இல்லை; லைன் இருந்தால் மிச்சத்தை வெளியே அனுப்பலாம், இங்கே பயன்படுத்தாதது அப்படியே வீணாகும். பேனலின் மீது எழுதியிருக்கும் 540 வாட்டை மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சூடு ஏற ஏற அதன் திறன் டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் குறையும்; சித்திரை வெயிலில் பேனலே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது எட்டில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. நாள் ஒன்றுக்கு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

இரவில் கணக்கு இறுகுகிறது. குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, விசிறி ஆகியவற்றுக்கு ஒரு யூனிட். அதற்கு மேல், விற்பவர் யாரும் சொல்லாத ஒரு செலவு உண்டு. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே 50 வாட் எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு அது 1.2 யூனிட். பேட்டரியின் கால்பங்குக்கு இணையான மின்சாரம் பகலும் இரவுமாக யாருக்கும் பயன்படாமல் அதற்கே போகிறது என்பது தெரிந்திருந்தால், வாங்கும்போது இந்த ஒரு எண்ணை முதலில் கேட்டிருப்பேன். எல்லாம் போக இரவு 10 முதல் 4 வரை 27 டிகிரியில் ஏசி ஓடினால் 1.8 யூனிட் ஆகிறது. விடியும்போது பேட்டரியில் கொஞ்சம் மிஞ்சுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த சூடேற்றும் வேலை. ஏசி சூடேற்றும்போது மின்சாரத்தை எரித்து வெப்பம் உண்டாக்குவதில்லை. குளிர்விக்கும் அதே சுற்று, ஒரு வால்வு திசை மாறியதும், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. வெளியே 12 டிகிரி இருக்கும்போதும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் மேலான வெப்பம் கிடைக்கிறது. கம்பிச்சுருள் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். எங்கள் பேட்டரி 1,500 வாட் ஹீட்டரை மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதே பேட்டரியில் ஏசி விடியற்காலை 4 முதல் 7 வரை அறையை 23 டிகிரியில் வைத்துக்கொண்டு 1.4 யூனிட்டோடு முடித்துவிடுகிறது. அம்மா இந்த மார்கழியில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நடந்தார். இந்தச் செலவு முழுவதையும் நான் அந்த ஒரு காட்சிக்காகவே செய்திருப்பேன்.

என்றாலும் சூடேற்றுவதில் ஒரு முரண் இருக்கிறது. வாங்குமுன் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். வெப்பம் தேவைப்படும் நேரம், சூரியன் இல்லாத நேரம். கோடையில் சுமையைப் பேனல் தாங்கியது. குளிர்காலத்தில் முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது. மார்கழியில் 4 மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உற்பத்தி மளமளவென்று குறைந்துவிடும். அதனால் 2 மணிக்கே கதவு சன்னல்களைச் சாத்தி, பேனல் நேரடியாகத் தரும் மின்சாரத்தில் அறையை 28 டிகிரி வரை ஏற்றி, சுவர்களும் தளமும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்படி இரண்டு மணி நேரம் ஓட்டிவிடுகிறோம். முன்பு விடியற்காலையில் 17 டிகிரியில் இருந்த அறை இப்போது 19 டிகிரியில் நிற்கிறது. இரண்டு டிகிரிதானே என்று தோன்றலாம். அந்த இரண்டு டிகிரியே பேட்டரியில் அரை யூனிட்டைக் காப்பாற்றுகிறது.

இதற்கு அறையும் ஒத்துழைக்க வேண்டும். உள்கூரை அமைத்து அதன்மேல் கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். சன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். இந்த இரண்டுக்கும் ஆன 19,000 ரூபாய்க்கு இணையான பயனை வேறெந்தச் செலவும் தரவில்லை. மாடியில் நான்கடி உயரச் சட்டத்தில் நிற்கும் பேனல்களே தளத்துக்கு நிழல் தருவது கோடையில் கிடைத்த கூடுதல் நன்மை.

ஏசியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திர முத்திரையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த முத்திரைக்கு அடிப்படையான ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற மின்சிக்கனக் கணக்கு குளிர்விப்பதை மட்டுமே அளக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற கருவி சூடேற்றுவதிலும் சிக்கனமாக இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வெளியே 7 டிகிரி இருக்கும்போது எவ்வளவு வெப்பம் தரும், அதற்கு எத்தனை வாட் எடுக்கும் என்ற இரண்டு எண்களும் கருவியின் விவரத்தாளில் இருக்கும். வெப்பத்தின் எண்ணை மின்சாரத்தின் எண்ணால் வகுத்துப் பார்த்தே வாங்குங்கள்; விடை பெரிதாக இருந்தால் சிக்கனம் அதிகம்.

எங்களுக்கு நேர்ந்த மோசமான அனுபவம் ஏசியால் வந்ததன்று. முதல் மார்கழியில் மூன்று முறை, பேட்டரி நிறைந்திருக்கும்போதே, பிற்பகலில் வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. பொருத்திக் கொடுத்தவர் ஏசிதான் காரணம், இதைவிடப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும் என்றார். அதை நம்பி இன்னொரு 40,000 ரூபாய் செலவழிக்க இருந்தேன். இன்வெர்ட்டரின் அமைப்புகளை நானே ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், பேட்டரி வகை என்ற இடத்தில் அவர் ஈய-அமிலம் என்றே விட்டிருந்தது தெரிந்தது. ஈய-அமில பேட்டரிக்கென்று அவ்வப்போது கொடுக்கப்படும் உயர் மின்னழுத்தம் லித்தியம் பேட்டரியின் 58.4 வோல்ட் எல்லையைத் தொட்டதும், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிட்டது. லித்தியம் என்று மாற்றி, மின்னேற்ற அளவை 56.4 வோல்ட்டில் நிறுத்திய பிறகு அந்தக் கோளாறு திரும்பவில்லை. பொருத்தும் நாளிலேயே அந்தத் திரையை உங்கள் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள்; வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது அலட்சியமாக விடக்கூடிய விஷயம் அல்ல.

செலவு: பேனல் 81,000, இன்வெர்ட்டர் 65,000, பேட்டரி 1,00,000, சட்டமும் கேபிளும் எர்த்திங்கும் 46,000, ஏசி 44,000, மொத்தம் 3,36,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகவும் பேனலுக்கானது 12இலிருந்து 5 விழுக்காடாகவும் குறைந்திருப்பதால் இன்று சற்று மலிவாக முடியும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்புகளுக்கு மட்டுமே என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. வாசலில் மின்கம்பம் இருக்கும் வீட்டுக்காரர் யாருக்கும் இந்த ஆஃப்-கிரிட் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். லைனோடு இணைந்த பேனலும் சாதாரண ஏசியும் பாதிச் செலவில் அவருக்கு இதைவிட நன்றாக உழைக்கும். லைன் வராத தோட்டத்து வீடுகளுக்கு, வெயிலும் குளிரும் அளவாக இருக்கும் எங்கள் பக்கம் போன்ற இடங்களுக்கு, தயங்காமல் சொல்வேன்.

ஐப்பசி, கார்த்திகை மட்டும் இன்னும் தீராத குறை. அடைமழை பிடித்த நாட்களில் 3,240 வாட் பேனலும் சேர்ந்து 3, 4 யூனிட்டுக்கு மேல் தருவதில்லை. வீட்டின் அன்றாடத் தேவைக்கே அது சரியாகப் போய்விடுகிறது. அந்த விடியற்காலைகளில் அம்மாவுக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான் துணை. இதற்குத் தீர்வு இரண்டாவது பேட்டரி என்று கேட்ட கடைகளில் எல்லாம் சொன்னார்கள். நிரம்பாத ஒன்றின் பக்கத்தில் நிரம்பாத இன்னொன்றை வைப்பதால் மழைநாளில் ஒரு யூனிட்டும் கூடப்போவதில்லை. அதே தொடரில் இன்னும் இரண்டு பேனல்களைச் சேர்க்க இருக்கிறோம். எட்டு பேனல்களின் திறந்த மின்னழுத்தம், அதாவது மின்சாரம் எடுக்கப்படாதபோது இருக்கும் உச்ச மின்னழுத்தம், 12 டிகிரிக் குளிரில் 410 வோல்ட் வரை உயரும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் இன்வெர்ட்டர் 450 வோல்ட் வரை ஏற்கும். சட்டத்துக்கான இரும்புக் குழாய் வந்துவிட்டது. வரும் ஐப்பசிக்குள் வேலை முடிந்துவிடும்.