எம்.எஃப்.ஐ. மெஷின் வாங்குகிறீர்களா? 21.6 கிலோ எடையையும் சேர்த்து வாங்குங்கள்

எங்களுடையது ஐந்து லிட்டர் கேன் தயாரிக்கிற புளோ மோல்டிங் பட்டறை. முன்பெல்லாம் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குருணை மூட்டை வந்தால் சர்டிபிகேட்டில் எம்.எஃப்.ஐ. (உருகிய பிளாஸ்டிக் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்கிற எண்) 0.35 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், இருந்தால் இறக்கிக்கொள்வோம். அப்படி இறக்கிய ஒரு லாட்தான் எங்களை இந்த மெஷின் வாங்க வைத்தது. அதே 0.35, அதே ஹீட்டர் செட்டிங், அதே டை (உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் வாய்), ஆனால் மோட்டார் ஆம்ப்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, பாரிசன் (காற்று ஊதிக் கேனாக்குவதற்கு முன் டையிலிருந்து இறங்கும் உருகிய குழாய்) சுறாத்தோல் போல சொரசொரவென்று வருகிறது, டையை விட்டு வந்ததும் வழக்கமாக உப்புகிற அளவுக்கு உப்பாமல் ஒல்லியாகத் தொங்குகிறது, கைப்பிடிப் பக்கம் சுவர் மெலிந்துபோய் இரண்டு நாள் உற்பத்தி அப்படியே கிரைண்டருக்குப் போனது. சப்ளையரைக் கேட்டால் சர்டிபிகேட்டைப் பாருங்கள் என்றார். கோபம் வந்தது உண்மை, ஆனால் அவர் சொன்ன எண்ணில் தப்பே இல்லை என்று பிறகு நாங்களே அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

மெஷின் மேசை மேல் வைக்கிற சின்ன மாடல்தான். 190 டிகிரியில் சூடான உருளை, அடியில் 2.095 மில்லிமீட்டர் துளையும் 8 மில்லிமீட்டர் நீளமும் உள்ள டை, மேலே பிஸ்டன், அதன் மேல் எடை. மூன்று கிராம் குருணையைப் போட்டு, ஏழு நிமிடம் உருகவிட்டு, 2.16 கிலோ எடையை வைத்தால் அடியில் நூல்போல மெதுவாக இறங்கும். ஆறு நிமிடத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஆறவிட்டு, நிறுத்து, பத்து நிமிடத்துக்குக் கணக்கிட வேண்டும். பழைய லாட் 0.35, தகராறு செய்த லாட் 0.36. இதோடு நிறுத்தியிருந்தால் மெஷினே வேஸ்ட் என்றுதான் எழுதியிருப்பேன்.

அப்புறம் 21.6 கிலோவை ஏற்றினோம். பழைய லாட் சரசரவென்று இறங்கியது, 15 நொடிக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டியிருந்தது, கணக்கு 30 வந்தது. மற்றது 12.5 தான். விகிதம் போட்டால் ஒன்றுக்கு 86, இன்னொன்றுக்கு 35. விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2.16 கிலோ சோதனை மெதுவாகத் தள்ளிப் பார்ப்பது, அதில் சராசரி மூலக்கூறு எடைதான் பெரும்பாலும் பேசும் (அது இரண்டு மடங்கானால் அந்த நிலையில் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல் ஏறும்). டைக்குள் வேகமாகத் தள்ளும்போது பரவல், அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளின் நீளம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பது, பேசுகிறது. குட்டையும் நெட்டையுமாகச் சங்கிலிகள் கலந்த மெட்டீரியல் வேகம் கூடக் கூடச் சீக்கிரமே இளகிக்கொடுக்கும். வெளியே வந்த பிறகு பாரிசனை உப்பவைப்பதும் தொங்கிக் கிழியாமல் பிடித்துக்கொள்வதும் அந்த மிக நீளமான கொஞ்சம் சங்கிலிகள்தான். எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் அந்த இளக்கம் தாமதமாகத்தான் வரும், அதனால்தான் ஆம்ப்ஸ் ஏறியது, மேல்பரப்பு கிழிந்தது. குரோமியம் கேட்டலிஸ்ட்டில் தயாராகும் கிரேடுகளுக்குப் பரவல் அகலம், மெட்டலோசீனில் ரொம்பக் குறுகல். அந்த லாட் வேறு எதற்காவது நன்றாகவே ஓடியிருக்கலாம், எங்கள் வேலைக்கு ஆகாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 2.16, 5 கிலோ எடைகள் மட்டும்தான் வந்தன. 21.6 கிலோவுக்குத் தனியாகப் பணம் கட்டி ஒரு மாதம் காத்திருந்தோம். அதைச் சூடான பிஸ்டன் மேல் ஒரே ஆள் தூக்கி வைப்பது ஆபத்து, தூக்கிக் கொடுக்கிற அமைப்பு இந்த மாடலில் இல்லை, அதனால் இரண்டு பேர் தோல் கையுறை போட்டுத்தான் செய்கிறோம். கையால் வெட்டுவதால் வேகமான சோதனையில் ஒரு நொடி தவறினாலும் எண் நகர்ந்துவிடும், எனவே ஐந்து துண்டாவது எடுத்துச் சராசரி பாருங்கள். வெப்பநிலை மட்டும் அசையாமல் நிற்கிறது, அதற்கு முழு மார்க்.

இந்த விகிதம் பரவலை நேரடியாக அளப்பதில்லை, சங்கிலியில் நீளக் கிளைகள் இருந்தாலும் அது ஏறும். உண்மையான பரவல் வேண்டுமென்றால், சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜி.பி.சி. சோதனைக்கு லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் மூட்டையை மெஷினில் கொட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் ஆமா, இல்லை என்று தெரிய எங்களுக்கு இது போதும். வாங்கும்போது துளை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற கேஜையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதையும் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.