கிளாஸ்கோ – மல்லேக் ரயில்: இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து மல்லேக் வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. ரானக் மூர் சதுப்பு நிலத்தில்தான் உண்மையான விருந்து: மரவேர், சுள்ளி, மண், சாம்பல் எல்லாம் கொட்டி அதன்மேல் தண்டவாளத்தை மிதக்க விட்டிருக்கிறார்கள், 1894-லிருந்து அப்படியேதான் ரயில் ஓடுகிறது, வெளியே பழுப்புப் புல்லும் குட்டையும் மட்டும், கண்ணுக்கு எட்டியவரை ஒரு வீடு தெரியவில்லை. அப்புறம் கோரூர் ஸ்டேஷன், 408 மீட்டர் உயரம், பொதுச்சாலையே கிடையாது. முதுகுப்பையோடு ஒருவர் சாவகாசமாக இறங்கினார், எங்கே போயிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன். 21 வளைவுள்ள கிளென்ஃபின்னன் பாலத்தை, போனும் கையுமாக இருந்து பாதி கோட்டைவிட்டேன் (என் தப்புதான்). போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ஏரியும் கடலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும்.