சுங்கை சிப்புட் சுற்றுலாக் கடை: புரோமோ போய் வந்த கணக்கு

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவுக்கும் இவர்களோடுதான் போனேன், குறையில்லை. ஆனால் மனசில் நிற்பது இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலைதான். உயரம் 2,329 மீட்டர். விடியுமுன் ஜீப்பில் ஏற்றி பெனஞ்சாக்கான் காட்சிமேட்டில் விட்டார்கள். வெளிச்சம் வர வர, கீழே மூடுபனி, அதைக் கிழித்துக்கொண்டு எரிமலைப் புகை. மணல்வெளியில் தெங்கர் இந்துக்களின் கோயிலைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டுவிட்டார். எரிமலை வாயின் விளிம்பில் கந்தக நெடி. ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் நாற்றத்தில் வளர்ந்த எனக்கே மூக்கு எரிந்தது. முகக்கவசம் தந்திருக்கலாம், காசு வாங்கவில்லையா? பசியாறலும் ஆறிப்போன நாசி கோரெங். வழிகாட்டித் தம்பி மட்டும் தங்கம்: அம்மாவுக்குக் குதிரை பேரம் பேசி, படிக்கட்டு அடிவாரம்வரை கூடவே நடந்தார். முட்டிவலி உள்ளவர்கள் அவரையே கேட்டு வாங்குங்கள்.