‘முழுசா ரீஸ்டோர் பண்ணது’ என்று வந்த கமடோர் 64: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய கம்ப்யூட்டர் சேகரிக்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ‘முழுசா ரீஸ்டோர் பண்ணது, எல்லாச் சிப்பும் ஒரிஜினல், ஒரிஜினல் பவர் சப்ளையோடு.’ விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. ஏமாற்றின விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதே விதத்தில் இன்னும் பலரும் விற்கிறார்கள்.

வெளித்தோற்றத்தில் குறையே இல்லை. மஞ்சள் பாரித்த கேஸை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்திருந்தார்கள். விளம்பரப் படத்தில் நீலத் திரையும் ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ வரியும் பளிச்சென்று இருந்தன. அந்த வரியை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். புராசசர், ராம், ரோம், வீடியோ சிப் எல்லாம் வேலை செய்கின்றன என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சவுண்டு சிப்பான சிட்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தாலும் இதே திரை இதே எண்ணோடு வரும்.

எனக்கு வந்ததில் சத்தமே இல்லை. போக் 54296,15 என்று (சத்தத்தின் அளவை முழுசாக வைக்கும் பேசிக் கட்டளை) அடித்தால் 6581 என்ற எண் போட்ட பழைய சிட்டில் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தமாவது கேட்கும். அதுகூட இல்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சிப்பின் மேல்பரப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல. சிப்பின் முதல் காலை (பின்) அடையாளம் காட்டும் குழி பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. எழுத்துகள் மட்டும் நேற்று அச்சடித்தது மாதிரி வெள்ளை வெளேர். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேய்த்ததும் பஞ்சு கறுத்தது, ‘6581’இல் கடைசி இரண்டு எண்ணும் அதோடு போயின. செத்துப்போன சிட்டையோ, 28 கால் உள்ள வேறு ஏதோ சிப்பையோ தேய்த்து, கறுப்பு பூசி, புதிதாக எண் அடித்திருக்கிறார்கள். நண்பர் தன்னுடைய நல்ல 6581ஐக் கொண்டுவந்து அதே சாக்கெட்டில் வைத்ததும் சத்தம் வந்துவிட்டது. போர்டில் கோளாறு இல்லை.

பாப் யான்னெஸ் வடிவமைத்த இந்தச் சிப்பை இன்று யாரும் தயாரிப்பதில்லை. கமடோர் நிறுவனம் 1994இல் திவாலானது. ஆகவே கிடைக்கிற ஒவ்வொரு சிட்டும் ஒன்று எங்கிருந்தோ கழற்றியது, அல்லது பழைய இருப்பு. போலி பெருகியதற்குக் காரணம் அதுதான். ஆர்ம்சிட் போன்ற புதுக்கால மாற்றுச் சிப்பைப் போட்டுவிட்டு, போட்டிருக்கிறேன் என்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. (சிட்டின் பிந்தைய வகையான, 8580 என்று எண் போட்டது கிடைத்தால் அப்படியே சொருகிவிடாதீர்கள். 6581க்கு 12 வோல்ட், 8580க்கு 9 வோல்ட்.)

பவர் சப்ளை கதை இதைவிட மோசம். ஒரிஜினல்தான், அதில் பொய்யில்லை. ஆபத்தும் அதில்தான். பழைய சப்ளைகளில் பலவற்றின் உட்புறம் முழுக்க எபாக்சி ஊற்றி மூடியிருக்கும், பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் லைன் எகிறும், முதலில் ராம் சிப்புகள்தான் பலியாகும். நான் அதை மெஷினில் செருகவே இல்லை, வேறு சப்ளையில்தான் ஓட்டிப் பார்த்தேன். லோடு வைத்து மீட்டரில் பார்த்தபோது 5 வர வேண்டிய இடத்தில் 6ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ‘டெஸ்ட் பண்ணது’ என்று கை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் வேறு!

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் வந்த பதில், ‘பழைய பொருள்னா அப்படித்தான் சார் இருக்கும்.’ அசிட்டோன் படத்தை அனுப்பினேன். வரும் வழியில் அடிபட்டிருக்கும் என்றார். கூரியரில் அடிபட்டு எண் அழியுமா என்று கேட்டேன். பாதிப் பணம் தருகிறேன் என்றார், பிறகு பிளாக் செய்துவிட்டார். விளம்பரப் படத்தை அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணே வேறு. படத்தில் இருந்த மெஷின் ஒன்று, வந்தது இன்னொன்று.

வாங்குவதற்கு முன் ஒரே ஷாட்டில் எடுத்த வீடியோ கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய தாள் பக்கத்தில் இருக்கட்டும். அடிப்பக்கச் சீரியல் எண்ணில் தொடங்கி, மூடியைத் திறந்து சிப்புகளைக் கிட்டத்தில் காட்டி, வெட்டாமல் அப்படியே ஆன் செய்து ஏதாவது ஒரு கேமின் இசையை ஓட விடச் சொல்லுங்கள். சிப்பின் கிட்டத்துப் படம் கலங்கலாக இருந்தால் இன்னொரு முறை கேளுங்கள். பவர் சப்ளைக்கு மட்டும் யாரையும் நம்ப வேண்டாம், பாதுகாப்புச் சுற்று உள்ள புதியதை வாங்கிவிடுங்கள்.

அதே படங்களோடு விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது, இந்த முறை வேறு பெயரில். அடையாளம்: ஸ்பேஸ் பாரின் வலது முனையில் குறுக்காக ஒரு கீறல், சீரியல் ஸ்டிக்கரின் இடது மூலை கிழிந்திருக்கும். பார்த்தால் பணம் அனுப்பிவிடாதீர்கள்.