வெற்றிடத்தில் பொரித்த பலாச்சுளை, தாமரை விதை, புரோட்டீன் பார்: கொழும்புக் காற்றில் எது தாங்குகிறது?

கொழும்புச் சுப்பர்மார்க்கெட்டுகளில் மிக்சர், முறுக்கு இருந்த தட்டுகளில் இப்போது வெற்றிடத்தில் பொரித்த பலாச்சுளை, தாமரை விதை என்ற பெயரில் விற்கும் வறுத்த மக்கானா, குரக்கன் கிரக்கர், புரோட்டீன் பார் எல்லாம் வந்துவிட்டன. வாங்கிப் பல மாதம் பாவித்தால் ஒன்று புரியும்: இவற்றில் பாதி தோற்பது சத்தில் அல்ல, பைக்கற்றை உடைத்த மறுநாள்.

பலாச்சுளையைப் பாருங்கள். சாதாரணப் பொரியலில் எண்ணெய் 160–180 பாகை செல்சியஸ் வரை ஏறும். காற்றழுத்தத்தைக் குறைத்தால் பழத்திலுள்ள நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துப் போய்விடும். 100 பாகையை ஒட்டிய சூடு போதும். அதனால் நிறமும் மணமும் கருகுவதில்லை. ஆனால் 'எண்ணெய் இல்லை' என்று நினைக்க வேண்டாம். பொரித்த கையோடு, வெற்றிடத்தைத் திறக்க முன்பே சுழற்றி எண்ணெயைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே பாயும்போது சுளையின் நுண்துளைகள் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும். பைக்கற்றின் உட்புறம் பளபளவென்று எண்ணெய் படிந்திருந்தால் அந்த வேலை சரியாக நடக்கவில்லை. 'சீனி சேர்க்கப்படவில்லை' என்பதும் பழுத்த சுளையில் பாதி உண்மைதான். நீர் போனபின் பழத்தின் சொந்தச் சீனி செறிந்து நிற்கிறது.

அந்தச் சீனிதான் ஈரத்தையும் இழுக்கிறது. தென்மேற்குப் பருவமழை நாட்களில் உடைத்த பைக்கற்றைக் கிளிப் போட்டு வைத்தால் அடுத்த நாளே சுளை தோல்போல் இழுபடும். திரும்பச் சூடாக்குவதும் வீண்: சீனி முதலில் இளகி ஒட்டும், பிறகு கருகும். ஆகவே சிறிய பைக்கற்றாக வாங்கி ஒரே அமர்வில் முடிப்பதுதான் வழி. தாமரை விதையும் வறுத்த கடலையும் அப்படியில்லை. ஓவனில் 100 பாகையில் பத்து நிமிடம் பரப்பி வைத்து, முழுதாக ஆறவிட்டு, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து பழையபடிதான்.

தாமரை விதையைப் புரதச் சுரங்கம்போல் விற்கிறார்கள். 30 கிராமில் ஏறத்தாழ 3 கிராம்தான் புரதம். அதே அளவு வறுத்த கடலையில் அதன் இரு மடங்கு உண்டு, விலையும் குறைவு. விதையில் இயல்பாகக் கொழுப்பு மிகக் குறைவு. சுவைத்தூள் ஒட்டுவதற்குத் தெளிக்கும் எண்ணெயும் உப்பும்தான் கணக்கை மாற்றுகின்றன. சோடியம் மில்லிகிராமில் இருந்தால், அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு மில்லிகிராமில் வரும்.

முன்பக்கத்தைவிட, 100 கிராமுக்கான நிரலையும் சீனி, உப்பு, கொழுப்பு நிறக்குறியையும் பாருங்கள். ஒன்று கவனம்: கொழுப்பின் நிறம் அளவை மட்டும் சொல்லும், வகையைச் சொல்லாது. உப்பில்லாத கச்சானையும் பாம் எண்ணெயில் பொரித்த சிப்ஸையும் அந்த நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. குரக்கன் கிரக்கரில் முதற் பெயர் கோதுமை மா என்றால், அதுதான் அதிகம். சேர்பொருள்கள் எடை வரிசையில்தான் அச்சாகும்.

புரோட்டீன் பாருக்கு நம்மிடம் குறைந்த மதிப்பெண்தான். நாள் போகப் போகக் கல்லாகிறது. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் சொக்லற் உருகி, ஆறியதும் வெண்மை படரும். அது பூஞ்சணம் அல்ல, கொழுப்பு. 'சீனி இல்லை' என்பவற்றில் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான மோல்ற்றிற்றோல் இருக்கிறதா என்று பாருங்கள்: இரண்டு பார் தொடர்ந்து தின்றால் வயிறு கலங்கலாம். இரத்தச் சீனியையும் அது கொஞ்சம் ஏற்றும். நீரிழிவுக்காரர் இதைக் கவனிக்க வேண்டும். பேரீச்சம்பழத்தில் பிசைந்த பாரில் பாதிக்கு மேல் சீனியாகவே இருக்கலாம்.

உள்ளே கிடக்கும் சிறு பையையும் தடவிப் பாருங்கள். மணிமணியாக இருந்தால் ஈரம் உறிஞ்சுவது. தூளாக இருந்தால் பெரும்பாலும் இரும்புத்தூள், ஒட்சிசனை உறிஞ்சுவது. பைக்கற் உடைத்தபின் விரைவில் அதன் வேலை முடிந்துவிடும். கச்சான், முந்திரியில் அதை நம்பி மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு மணம் வரும். உடைத்ததும் போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நார்ச்சத்துக்காக இறக்குமதிப் பைக்கற் தேடுபவர்கள் வெள்ளவத்தைக் கடைகளில் புழுக்கொடியலைக் கேட்டுப் பாருங்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. எண்ணெயும் இல்லை, சுவைத்தூளும் இல்லை. நன்றாகக் காய்ந்தது முறிக்கும்போது 'டக்' என்று உடையும், வளைந்தால் வாங்காதீர்கள். பல்லுக்குக் கடினம் என்றால் மாவாக இடித்துத் தேங்காய்ப்பூவோடு கொஞ்சம் சீனி சேர்த்துச் சாப்பிடலாம்.